வேளைக்கு நாலு பேர்

என் வீட்டில் இனி அந்தி நேரத்தில் ஒரு மணி நேரமாவது சத்தம் இருக்கக்கூடாது என்று அந்தத் தை மாசம் முடிவெடுத்தேன். சாதாரண முடிவல்ல. கண்டியைப் பிடித்த வெள்ளைக்காரன்கூட அவ்வளவு யோசித்திருக்க மாட்டான்.

நான் அழகர். கோப்பிக் கிட்டங்கியில் மூட்டை நிறுப்பவன். வேலை முடிந்து கண்டி மஹய்யாவயில் இருக்கும் வீட்டுக்கு வந்து சாய்வுக் கதிரையில் விழுந்ததும் என் மனைவி வடிவம்மா தொடங்குவாள். ஒரே மகளைக் கலஹாவில் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து தோளில் குத்து, காலில் உளைச்சல், இடுப்பில் பிடிப்பு. அவள் உடம்பில் நோகாத இடம் நாக்கு ஒன்றுதான்.

"என்னங்க, கேக்குறீங்களா?"

"ம்."

"என்ன சொன்னேன், சொல்லுங்க?"

"ம்ம்."

மருந்து கொடுத்தால் வீட்டில் இருந்தே குடிப்பாள். எனக்கு என்ன லாபம்? நாட்டு வைத்தியர் ஸெய்னுலாப்தீன் பரிகாரியாரிடம் ரகசியமாகப் போனேன்.

"பரிகாரியார், அவளுக்குக் கசாயம் வேணாம். பேச்சுத்துணைதான் வேணும். சாயங்காலம் கோயில் மடத்துல பொம்பளைங்க பூக்கட்டுறாங்க. அங்க போகச் சொல்லுங்க."

அவர் தாடியைத் தடவினார். "நல்ல யோசன. நாளைக்குக் கூட்டிட்டு வாங்க."

மறுநாள் வடிவம்மாவின் நாடியைப் பிடித்துக் கண்ணை மூடினார்.

"மருந்து வாணாம். மனுசர்தான் வேணும். வேளைக்கு நாலு பேர்."

"சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றாள் வடிவம்மா.

"முன்னாடி. அந்திக்குக் கோயில் மடத்துக்குப் போங்க."

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

"மடத்துக்கு ஏத்தம் ஏறணுமே. எனக்குக் கால் உளைச்சலாச்சே."

"அப்ப நீங்க நடக்கப்படாது. மருந்து ஊட்டுக்கு வரட்டும்."

"பத்தியம்?"

"ஊட்டுக்காரர் குறுக்க பேசப்படாது. ஆனா யாரும் கேட்டா, ஒழுங்காப் பதில் சொல்லணும்."

வாயைத் திறந்தேன். பத்தியம் ஞாபகம் வந்தது. மூடினேன்.

அன்று மாலையே மருந்து வந்தது. பேச்சியம்மா, நல்லம்மா, சுப்பம்மா, பக்கத்து வீட்டு உம்மு குல்சும். பேச்சியம்மா என் கதிரையில் உட்கார்ந்தார். கதிரை ஒரு தரம் அலறிவிட்டு விதியை ஏற்றுக்கொண்டது. நான் எல்லோருக்கும் கோப்பி ஊற்றிவிட்டு வாசற்படியில் ஒடுங்கினேன்.

"அழகரண்ணே, கல்யாணத்துக்கப்புறம் மகளை ஒருக்காவும் பாக்கப் போகலையாமே. ஏன்?" என்றார் பேச்சியம்மா.

கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே!

"போயிரலாம் தங்கச்சி. அவள அங்க விட்டுட்டுத் திரும்பி வரணுமே. அதுதான் எப்படின்னு தெரியல."

யாரும் சிரிக்கவில்லை. உம்மு குல்சும் தன் கோப்பியை என் பக்கம் நகர்த்தினார்.

அதற்கடுத்த ஞாயிறு மாட்டு வண்டி பிடித்துக் கலஹா போனோம். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டே சோறு போட்டாள். திரும்பியும் வந்தேன். சாகவில்லை. அந்தக் கதையை நாலு பேருக்கும் மூன்று மாலை சொன்னேன். கிட்டங்கி முற்றத்தில் காயப்போட்ட கோப்பிக்கொட்டையில் துரை சறுக்கி விழுந்ததை நடித்தே காட்டினேன். பேச்சியம்மா சிரித்த சிரிப்பில் என் கதிரையின் கால் ஒன்று போயே போய்விட்டது.

ஒரு மாதம் கழித்துப் பரிகாரியார் வீட்டுக்கு வந்தார். என் ஏற்பாட்டின் வெற்றியைச் சொல்ல நான் எழுந்தேன். அவர் என்னைத் தாண்டி வடிவம்மாவைப் பார்த்தார்.

"நோயாளிக்கு இப்ப எப்படி, மகளே?"

"நல்லாச் சாப்பிடுறாருங்க. மனுசரோட நல்லாப் பேசுறாரு."

"பேசுறாரா? யாரு? நோயாளி நீதானே?" என்றேன்.

"எனக்கென்னங்க, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்."

பரிகாரியார் என் தோளைத் தட்டினார்.

"நீங்க ரகசியமா வந்தீங்களே, அதுக்கு முந்தின நாளே உங்களுக்கு மருந்து கேட்டு அவங்க வந்துட்டுப் போய்ட்டாங்க."