சுக்கானியாரின் காரும் தாண்டுபோன மிதவையும்

பிள்ளைகளே, கடலில் கப்பல் ஓட்டியவர்கள் திருகோணமலையில் எத்தனையோ பேர். றோட்டில் கப்பல் ஓட்டுகிற மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் லிங்கநகரில், எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்.

துறைமுகத்து இழுவைப் படகில் சுக்கான் பிடித்து ஓய்வுபெற்றவர். அதனால் ஊருக்கு அவர் சுக்கானியார். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தபால்காரரே தலையைச் சொறிவார்.

ஓய்வுபெற்ற கையோடு, ஆமை முதுகுள்ள, தன்னைவிட வயதில் மூத்த ஒரு கறுப்புக் காரை வாங்கினார். அன்றிலிருந்து அதைப் படகாகவே நடத்துகிறார். "ஓடுறனான்" என்று சொல்லமாட்டார், "செலுத்துறனான்" என்பார். காரைப் பின்னுக்கு எடுப்பதென்றால் அவருடைய மனைவி திரேசம்மா அக்கா குசினியிலிருந்து ஓடிவந்து வெள்ளைத் துவாயைக் கொடிபோல ஆட்டவேண்டும். ஒருநாள் மீன் பொரித்துக்கொண்டிருந்த அக்கா அவசரத்தில் அகப்பையை ஆட்டிவிட்டார்.

"இதென்ன சிக்னல்? நான் கண்டதில்லை" என்று சுக்கானியார் அசையாமல் இருந்துவிட்டார். மீன் கரியாய்ப் போனது.

அவருடைய காருக்கு இடது வலது கிடையாது; கடல்பக்கம், கரைப்பக்கம் மட்டும்தான். பட்டினத்துக்குப் போகும்போது கடல்பக்கமாக இருந்த கதவு, திரும்பி வரும்போது கரைப்பக்கமாகிவிடும். "கடல்பக்கத்தால இறங்குங்கோ" என்று அவர் சொன்னால், புதிதாக ஏறியவர்கள் கண்ணாடியால் எட்டிப்பார்த்துக் கடலைத் தேடுவார்கள்.

நாடு முழுக்கப் பெற்றோல் வரிசையில் நின்ற வருடத்தில்தான் எங்கள் மகள் பிறந்தாள். வயிற்றில் வெட்டி எடுத்த பிள்ளை. சில நாள் கழிந்து ஒரு காலையில், அடுத்த நாள் துண்டு வெட்டி வீட்டுக்கு விடுவதாக ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஓட்டோக்கள் எல்லாம் வரிசையில் கிடந்தன. தாயையும் பிள்ளையையும் எதில் கொண்டுவருவது என்று நான் முழித்துக்கொண்டிருந்தபோது சுக்கானியார் படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

"தம்பி, பிள்ளையை நான் கொண்டந்து சேர்க்கிறன். நீர் யோசியாதையும்."

நன்றி சொல்லவும் மறந்து, ஓடிப்போய் அவருடைய கார்க் கதவைத் திறந்தேன். பெற்றோல் மணம் மூக்கில் அறைந்தது. ஆஸ்பத்திரியிலிருந்த மனைவிக்குப் போன் எடுத்து, நல்ல செய்தியோடு மணத்தையும் சொல்லிவிட்டேன்.

"பெற்றோல் மணக்கிற காரில என்ர பிள்ளையை ஏத்த ஏலாது" என்றாள். "அதுக்கு நான் நடந்தே வருவன்."

கட்டில் விட்டு எழும்பவே அவளுக்கு ஆள் பிடிக்கவேண்டும். விடிவதற்குள் அந்த மணத்தை நிறுத்தியாகவேண்டும் என்றாகிவிட்டது.

"காரெண்டா கொஞ்சம் கசியும் தம்பி, மனுசருக்கு வேர்க்கிற மாதிரி" என்றபடி சுக்கானியார் பொனற்றைத் திறந்தார். காபரேற்றரிலிருந்து பெற்றோல் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. காபரேற்றர் என்பது பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற சின்னச் சட்டி. பழைய கார்களில் எல்லாம் அதுதான் குசினி. ஒரு துளியும் வீணாகக்கூடாத காலமாகையால் கீழே ஒரு தேத்தண்ணிக் கோப்பையை வைத்தோம். சுக்கானியார் வாயில் வைத்திருந்த சுருட்டை அக்கா பறித்துக்கொண்டு போனார்.

சுக்கானியார் முதலில் செய்தது துறைமுகத்து வைத்தியம். "கலம் ஒரு பக்கம் ஒழுகினா மற்றப் பக்கம் சரிக்கவேணும்" என்று சொல்லி, கரைப்பக்கச் சில்லுகளுக்குக் கீழே கல் வைத்தார். ஒழுக்கு நின்றது. வெற்றிப் புன்னகையோடு என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் மற்றப் பக்கத்தால் ஒழுகத் தொடங்கியது.

"இப்ப என்ன, பிள்ளையை ஏத்திக்கொண்டு காரைச் சரிச்சபடியே செலுத்தப்போறியளோ?" என்று அக்கா கேட்டார்.

அடுத்தது சவுக்கார வைத்தியம். வீட்டில் மிச்சமிருந்த ஒரே சவுக்காரத்தைப் பிசைந்து காபரேற்றர் முழுக்க அப்பினார். ஒழுக்கு இப்போது நுரையோடு வந்தது.

அதற்குள் இன்னொரு தொல்லை. வரிசையில் நின்று பழகிய சனம் நாலு பேரைக் கண்டால் பின்னால் வந்து நின்றுவிடும். காரடியில் கோப்பை வைத்திருப்பதை யாரோ பார்த்திருக்கிறார்கள். நிமிர்ந்து பார்த்தால் படலை வரைக்கும் போத்தல்களோடு ஆட்கள்.

"ஆளுக்கு எவ்வளவு குடுக்கிறியள்?" என்று முன்னுக்கு நின்றவர் பணிவாகக் கேட்டார்.

"இது ஒழுக்கு காணும்! பெற்றோல் விக்கிற செற்றில்லை!" என்றார் சுக்கானியார்.

"ஒழுகி முடியுமட்டும் நிக்கிறம். ஒண்டும் அவசரமில்லை."

அவர்களைக் கலைத்தது அக்காதான். எப்படியென்று எழுதினால் உங்கள் சிறுவர் பக்கத்தில் போடமாட்டார்கள்.

கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்த சுக்கானியார், பிள்ளைக்கென்று வாங்கிவைத்திருந்த பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு போனார். காபரேற்றரைத் துடைத்துக் காயவைத்து, குளிப்பாட்டிய குழந்தைக்குப் பூசுவதுபோல முழுக்கப் பவுடர் தட்டினார். எந்த இடம் முதலில் நனைகிறதோ அங்கேதான் குற்றம். படகிலும் வெடிப்புத் தேட இப்படித்தான் செய்வார்களாம். இருவரும் மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அடி நனையவில்லை, மூட்டும் நனையவில்லை. மேலே இருந்த வழிவுத் துளைதான் நனைந்தது.

"வெடிப்பில்லை தம்பி. உள்ளுக்கு நிரம்பி வழியுது."

மூடியைக் கழற்றினார். சட்டிக்குள் பித்தளையில் ஒரு மிதவை உண்டு. பெற்றோல் ஏற ஏறத் தானும் மிதந்து எழும்பி, பெற்றோல் வரும் வாசலை மூடுவதுதான் அதன் வேலை. அந்த மிதவை மூழ்கி அடியில் கிடந்தது. சுக்கானியார் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"தாண்டுபோச்சுது" என்றார்.

எடுத்துக் குலுக்கினோம். உள்ளே சளக் சளக் என்றது. ஓட்டை எங்கே என்று அறிய, காரை விட்டுத் தூரத்தில், முற்றத்தில் ஒரு கிண்ணம் சுடுதண்ணீர் வைத்து மிதவையை அமுக்கினேன். ஒரே இடத்திலிருந்து குமிழி குமிழியாக வந்தது. அந்த இடத்தில் ஏதோ கீறல்கள் தெரிந்தன. நான் கைப்பேசி திருத்துகிறவன். பூதக்கண்ணாடி எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். எடுத்து வைத்துப் பார்த்தேன். எழுத்துகள்.

"சுக்கானியார் அண்ணை, இதில 'திரேசம்மா' எண்டு கிடக்குது."

சுக்கானியார் மாமரத்தைப் பார்த்தார்.

"போன முறை கழுவேக்க நான்தான் எழுதினனான். அதுவும் மிதக்கிற கலம்தானே. பேரில்லாத கலத்தை இறக்கக்கூடாது தம்பி. இறக்கக்கண்டிக் கடற்கரையில போய்ப் பாரும், பேரில்லாமல் ஒரு தோணி நிக்குதோ எண்டு."

ஆணியால் எழுதியிருக்கிறார். அடியில் ஒரு கோடும் இழுத்திருக்கிறார். கோடு முடிகிற இடத்தில்தான் துளை.

திரேசம்மா அக்கா பூதக்கண்ணாடியை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"கலியாணம் கட்டின நாளிலையிருந்து ஒரு மோதிரத்தில என்ர பேர் இல்லை, ஒரு சுவரில இல்லை. கொண்டுபோய்ப் பெற்றோல் சட்டிக்க எழுதி, ஆணியால குத்தி, தாட்டும் விட்டிட்டியளே!"

"பாசத்தில கொஞ்சம் அழுத்திப்போட்டன்" என்றார் சுக்கானியார்.

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரித்தாரா என்பது எனக்குத் தெரியாது.

சுடுதண்ணீரில் போட்டுப் போட்டு உள்ளே இருந்த பெற்றோலை முழுக்க வெளியேற்றி, வெயிலில் உலர்த்திய பிறகு, துளைக்கு நான் ஈயம் வைத்தேன். "மெல்லிசாய் வையும், பாரம் கூடினா திரும்பவும் தாழும்" என்று சுக்கானியார் என் தோளுக்கு மேலால் மூச்சுவிட்டார். கிண்ணத்துத் தண்ணீரில் விட்டோம். மிதந்தது. பூட்டி, திரும்பவும் பவுடர் தட்டினோம். பொழுதுபடும்வரை ஓர் இடமும் நனையவில்லை.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாசலில் என் மனைவி பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு, வயிற்றைப் பிடித்தபடி காரைச் சுற்றி வந்தாள். கதவு, ஆசனம், பொனற் எல்லாவற்றையும் மணந்தாள். சுக்கானியார் பரீட்சை எழுதிய மாணவனைப்போல விறைத்து நின்றார்.

"என்ன, பிள்ளைப் பவுடர் மணக்குது?" என்றாள்.

"ஓம் பிள்ளை, அது இப்ப காரின்ர மணம்" என்றார் அவர்.

ஏறினாள். வழியெல்லாம் சைக்கிள்கள் எங்களை முந்திக்கொண்டு போயின. நடந்து போன ஒருவரும் முந்தினார். எங்கள் வாசலில் இறங்கியபோது மகள் நன்றாக நித்திரை கொண்டிருந்தாள். நாங்கள் உள்ளே போய் அவளைக் கிடத்தினோம். கார் புறப்படும் சத்தம் வரவே இல்லை. காபரேற்றர் திரும்பவும் மக்கர்பண்ணிவிட்டதாக்கும் என்று பயந்து வெளியே ஓடினேன்.

சுக்கானியார் காருக்கு வெளியே நின்று, திறந்த கதவால் ஒரு கையைவிட்டுச் சுக்கானைப் பிடித்தபடி, தோளால் காரைத் தள்ளிக்கொண்டிருந்தார். நான் கைகொடுக்கப் போனேன். உதட்டில் விரலை வைத்து என்னைத் தடுத்தார்.

"பிள்ளை நித்திரை" என்றார் காற்றுக்கும் கேட்காத குரலில். பிறகு, நோயெல்லாம் தீர்ந்து நன்றாக ஓடக்கூடிய அந்தக் காரை, செருப்பையும் கழற்றி உள்ளே வைத்துவிட்டு, தன் வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார்.