கை காட்டினால் பஸ் நிற்கும்

மரியதாஸ் வலது கையைத் தூக்கினார். ஏற்காடு போகிற காலை பஸ் அவர் முன்னால் வந்து நின்றது.

"ஏறுங்க ரைட்டரய்யா," என்றான் கண்டக்டர் சித்தன்.

எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்ற அவர் எங்கும் போவதாக இல்லை. பக்கவாதத்தில் விழுந்த கைக்குத் தன் வீட்டு வாசலில் நின்று பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். கால் தேறிவிட்டது, கைதான் பாக்கி.

மிஷன் ஆஸ்பத்திரி அமலி சிஸ்டர் சொல்லி அனுப்பியிருந்தார்: "மூளையில பழைய பாதை அடைபட்டுப் போச்சுங்க. அசைக்க அசைக்கத்தான் அது புதுப் பாதை போடும். கையையே பாத்து மனசு ஒடையாதீங்க. தூரத்துல எதையாச்சும் குறி வெச்சுத் தூக்குங்க."

தூரத்தில் குறி வைக்க, நாகலூரில் பஸ்ஸை விட்டால் வேறென்ன இருக்கிறது? கை தோளைத் தாண்டி ஏறுவதாக அவருக்குள் ஒரு உணர்ச்சி. இப்போது பஸ்ஸே நின்று சாட்சி சொல்லிவிட்டது.

சென்னையிலிருக்கும் மகள் மரியசெல்வி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். கிறிஸ்துமஸுக்கு அவள் வரும்போது கை வந்திருக்க வேண்டும். இல்லையென்றால் வீட்டைப் பூட்டிவிட்டு அவளோடு கிளம்பிவிட வேண்டும். மனைவி செல்வமேரி போனபிறகு அந்த வீட்டில் பேசுவது ரேடியோ ஒன்றுதான். மழை பிடித்தால் அதுவும் கரகரக்கும். ஆனாலும் செல்வமேரி இருந்த வீடு. பூட்ட அவருக்கு மனசில்லை.

"பயிற்சிதானப்பா, நீ போ" என்று சொல்லியிருக்கலாம். பஸ்ஸே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்ன, ஏறிவிட்டார். ஏற்காட்டில் ஒண்டிக்கடை ஸ்டாப்பில் இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்பினார்.

மறுநாள் புத்திசாலித்தனமாக ரோட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, ஒரு சில்வர் ஓக் மரத்தின் உச்சியைக் குறி வைத்துத் தூக்கினார். பஸ் நின்றது. அடுத்த நாள் குரங்குக் குல்லாய் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டார். சித்தன் இறங்கியே வந்துவிட்டான்.

"நொம்பக் குளுருதுங்களா?" என்று கைத்தாங்கலாக ஏற்றினான்.

இந்தக் கை இவ்வளவு உயரம் போனால் மனுஷன் என்னதான் செய்வது என்று மரியதாஸ் சலித்துக்கொண்டார். சலிப்பில் பெருமை முக்கால்வாசி.

"ஏனுங்க, தெனமும் எங்கதான் போறீங்க?" என்று கேட்டாள் பாப்பாத்தி. காப்பி எஸ்டேட் வேலைக்குப் போகிறவள். நாலு சீட்டுக்குக் கேட்கிற குரல்.

வாய்க்கு வந்ததைச் சொன்னார். "ஒரு சிநேகிதன். தேவசிகாமணின்னு. கை விழுந்துருச்சு. ஊட்டுல ஒத்தையாக் கெடக்கறான். பேச்சுத் தொணைக்குப் போறேன்."

"அய்யோ பாவமே! யாருமே இல்லீங்களா?"

"யாருமே இல்ல," என்றார். குரல் தழுதழுத்தது. பொய்க்குப் போய் இத்தனை துக்கம் எதற்கென்று அவருக்கே புரியவில்லை.

மறுநாள் தேவசிகாமணிக்கு ஆரஞ்சுப் பழம் வந்தது. அதற்கு மறுநாள் ஒரு தூக்குப்போசி நிறைய மிளகு ரசம். ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்து, இல்லாத மனிதனின் ரசத்தை மரியதாஸே குடித்தார். ஆரஞ்சை ஒற்றைக் கையால் உரிக்க முடியவில்லை. வலது கையையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. முதலில் பழம் உருண்டு ஓடியது. வாரங்கள் போகப் போகக் கை அதைப் பிடித்துக்கொள்ளப் பழகியது.

"ரசம் எப்படி இருந்துச்சாம்?" என்றாள் பாப்பாத்தி.

"உப்பு கொஞ்சம் கம்மின்னான்."

"அப்ப நாக்கு நல்லா இருக்குதுங்க! நாளைக்கு ஞாயித்துக்கெழம, எங்களுக்கு லீவு. நாங்க எல்லாருமே வந்து அந்த அண்ணனப் பாத்துட்டு வர்றோம்."

"அவன் யாரையும் பாக்க மாட்டான்மா."

"ஒத்தையாக் கெடக்கறவருக்கு ஆளு வந்தா கசக்குமாங்க?"

மரியதாஸ் காலித் தூக்குப்போசியை அவளிடம் நீட்டினார்.

வீட்டுக்கு வந்து, தேவசிகாமணியைச் சாகடித்துவிடலாமா என்று யோசித்தார். அவன் செத்தால் ரசம் போய்விடும். பஸ்ஸில் அவருக்கென்று விட்டு வைக்கிற முன் சீட்டும், "வாங்க ரைட்டரய்யா"வும் போய்விடும். மறுபடி ரேடியோதான். பயமாக இருந்தது. ஆனால் இத்தனை பேரை ஏமாற்றிக்கொண்டு இருப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை நடு ரோட்டில் நின்று, வருகிற பஸ்ஸைக் குறி வைத்துக் கையைத் தூக்கினார். பஸ் நின்றது. அவர் ஏறவில்லை.

"தேவசிகாமணின்னு யாரும் இல்லப்பா," என்றார், பஸ்ஸுக்கே கேட்கும்படி. "நான் செஞ்சது கைக்குப் பயிற்சி. பஸ்ஸுக்குக் கை காட்டறேன்னு நெனச்சு நீங்க நிறுத்திட்டீங்க. வெட்கப்பட்டு ஏறிட்டேன். அப்பறம் பொய்யும் சொல்லிட்டேன். எல்லாரும் மன்னிச்சுக்கங்க. இனிமே நான் கையைத் தூக்குனா பஸ்ஸ நிறுத்தாதீங்க."

புதுச்சேலையில் இருந்த பாப்பாத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சித்தன் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, அவருடைய கையை அண்ணாந்து பார்த்தான். இறக்க மறந்துபோய், அது இன்னும் தலைக்கு மேலேயே நின்றிருந்தது.

"கையா? இத்தன நாளா அது இடுப்பத் தாண்டுனதே இல்லீங்களே ரைட்டரய்யா! நீங்க ஒத்தையா நிக்கறதப் பாத்துட்டுத்தான் நிறுத்துனோம்; கை காட்டி நிறுத்துனது இன்னைக்குத்தானுங்க."