ஆர்விட் கையால் செய்த தோட்டா

மான் வேட்டைக் காலம் ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் ஆர்விட் காட்டில் இருப்பார். அவர் மனைவி மார்லிஸ் தொழுவத்தில் இருப்பாள், முப்பத்திரண்டு பசுக்களோடு. கல்யாணமான நாளாக இதுதான் ஏற்பாடு. ஏற்பாட்டைச் செய்தவர் ஆர்விட்.

ஏழு வருஷமாக அவர் ஒரு மானைக்கூடக் கொண்டுவரவில்லை. அந்த வட்டாரத்து மான்களுக்கு அவரிடம் பயமே விட்டுப்போயிருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆர்விட் கடைத் தோட்டா கோணல் என்றார்.

போன மாதம் மதுக்கடையில் நாற்காலி மேல் ஏறி நின்று சபதமே போட்டுவிட்டார்.

"இனிமே கடைத் தோட்டாவை இந்தக் கையால தொட்டா நான் ஆர்விட் இல்ல! என் தோட்டாவை நானே செய்வேன்!"

மிச்சமிருந்த பெட்டிகளையும் மச்சினன் கார்டிக்கே தானம் செய்தார். மார்லிஸின் தம்பி கார்டி இருபது வருஷமாகச் சத்தமில்லாமல் சொந்தத் தோட்டா செய்கிறவன். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான்.

சுட்டு முடித்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் வீட்டில் நூறு இருந்தன. நூறில் ஒன்றின் குண்டும் மான் மேல் பட்டதில்லை. புது வெடிமருந்தும் குண்டும் அடைத்தால் அவை மறுபடி தோட்டா. கூட்டைத் தயார் செய்யும் முறை புத்தகத்தில் இருந்தது: விரிசல் பார், கழுவு, பசை தடவு, அச்சில் விட்டு அளவுக்கு அமுக்கு, நீளம் வெட்டு, விளிம்பைச் சுரண்டு. ஆர்விட்டுக்குப் பொறுமை இல்லை. பசையை விட்டுவிட்டு நேரே அமுக்கினார். முதல் கூடே, சமையல் மேஜையில் திருகி வைத்திருந்த அச்சுக்குள் சிக்கிக்கொண்டது. பிடித்து இழுத்தார். மேஜை வந்தது, கூடு வரவில்லை.

"என்னங்க, மேஜைய எங்க கூட்டிட்டுப் போறீங்க?"

"கூடு மாட்டிக்கிச்சு."

"பசை தடவுனீங்களா?"

"அதெல்லாம் கத்துக்குட்டிங்களுக்கு."

"ஓஹோ. கத்துக்குட்டிங்க கூடெல்லாம் வெளிய வந்துடுமோ?"

ஆர்விட்டுக்கு அப்போதுதான் அந்தத் தந்திரம் உதித்தது. குரலில் தேன் வழிந்தது.

"மார்லிஸ் கண்ணு, இது முரட்டுக் கைக்கு ஆகாதும்மா. உன் கை மாதிரி பொறுமையான கைதான் வேணும். நூறே நூறுதான்."

"முழுசும் நானே செய்யணுமா?"

"முழுசும்! நான் தலையிடவே மாட்டேன்."

"அப்புறம் பேச்சு மாறக்கூடாது."

ஆர்விட் வெற்றிப் புன்னகையோடு கால்பந்து பார்க்கப் போனார். மார்லிஸ் சிக்கிய கூட்டைக் கழற்றினாள். பசு மடிக்குத் தடவும் களிம்பு டப்பாவைத் திறந்தாள். கூடு ஒவ்வொன்றாகத் துடைத்து, தடவி, அளந்தாள். இரண்டு வாரம். நடுவில் ஒருநாள் சமையலறையிலிருந்து கேட்டாள்:

"கூட்டோட கழுத்தை எந்த அச்சுல விடட்டும்?"

"எதுல வேணா விடு! கோல் போடப்போறான், தொந்தரவு பண்ணாத!"

வேட்டை தொடங்கும் நாள் வந்தது. ஆர்விட் துப்பாக்கியை எடுத்து, பெட்டியைத் திறந்து, ஒரு தோட்டாவை விரலில் பிடித்தார். பளபளவென்று இருந்தது. ஆனால் முனை ஒல்லியாக இருந்தது.

"மார்லிஸ்! இது என் துப்பாக்கிக்கு ஆகாதே!"

"ஆகாதுதான். அதுல போட்டுத் தொலைச்சிடாதீங்க. உங்க கூடுதான், கழுத்தைக் கொஞ்சம் குறுக்கிட்டேன். எங்கப்பாவோட ஒல்லிக் குழல் துப்பாக்கிக்குக் கச்சிதமா இருக்கும். வெடிமருந்து அளக்கறப்ப மட்டும் கார்டியக் கூப்பிட்டுக்கிட்டேன்."

ஆர்விட் திரும்பினார். அவள் ஆரஞ்சு வேட்டைச் சட்டையில் நின்றாள். முதுகில் அப்பா துப்பாக்கி. பையில் அவள் பெயரில் உரிமச் சீட்டு.

"அப்ப எனக்கு?"

"கடை எட்டு மணிக்குத் திறக்கும். போய் வாங்குங்களேன். மதுக்கடையில இருந்தவங்க எல்லாம் இன்னிக்கு அங்கதான் இருப்பாங்க."

ஆர்விட்டுக்கு நாற்காலி மேல் நின்றது இப்போது நினைவுக்கு வந்தது. வாசலில் கார்டியின் வண்டி ஒலி எழுப்பியது.

"மச்சான், அக்காவ சீக்கிரம் அனுப்புங்க! பொழுது விடியுது!" என்று வெளியிலிருந்து கத்தினான்.

தொழுவத்திலிருந்து முப்பத்திரண்டு குரல்கள் ஒன்றாகக் கேட்டன. மார்லிஸ் களிம்பு டப்பாவை அவர் கையில் வைத்து, விரல்களை மெதுவாக மூடினாள்.

"கறக்கறதுக்கு முன்ன மடியில இதைத் தடவுங்க. தடவாம இழுத்தா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். என்ன, மேஜைக்கு உதைக்கத் தெரியாது."