மாப்பிள்ளை வீட்டுக் கட்டை மட்டும் வெடிக்கிறது

பிள்ளைப்பாக்கம்
ஆடி 28ஆம் தேதி எழுதத் தொடங்கியது

மரியாதைக்குரிய சம்பந்தி தளவாய் அவர்களுக்கு, ஏகாம்பரநாதன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி ஏலவார்குழலியும் மகள் மஹாலட்சுமியும் சுகம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாள் மாடத்தி அவர்களும் சுகம் என்பதைக் காலையில்தான் போனில் கேட்டேன். ஆனாலும் கடிதம் என்றால் கேட்டாக வேண்டும் என்று மாலை வகுப்பு டீச்சர் கலைமதி சொல்லியிருப்பதால் மறுபடியும் கேட்கிறேன். சுகம்தானே?

அறுபத்தெட்டு வயதில் நான் எழுதும் முதல் கடிதம் இது. மேலே உள்ளதை எழுதவே ஒரு பொழுது ஆகிவிட்டது. நாற்பத்தாறு வருடமாக என் மனைவியை "இந்தா" என்றுதான் கூப்பிட்டு வருகிறேன். அவள் பெயரை முதல் தடவையாகக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். "இவ்ளோ நீளமா நானு?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள், திரும்பி வந்து மறுபடியும் பார்த்தாள். எனக்கு அன்றைக்குச் சாப்பாடே தேவைப்படவில்லை.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் பேச ஆரம்பித்தால் நான் சரி சரி என்று சொல்லி வைத்துவிடுவேன். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது. விஷயமும் அப்படிப்பட்டது. தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

என் மூத்த மகள் உமாதேவியின் நிச்சயதார்த்தத்தில் பத்திரிகைக்கு நான் கைநாட்டு வைத்ததை உங்களிடம் சொல்லியிருக்கிறேன். சபையே பார்த்துக்கொண்டிருக்க, மையை அதிகமாகத் தொட்டு, விரலை அவள் பெயர் மேலேயே வைத்துவிட்டேன். மாப்பிள்ளை பெயர் இருந்தது, பெண் பெயர் இல்லை. இந்தத் தடவை ஆவணி பன்னிரண்டாம் தேதி வல்லக்கோட்டையில் மஹாலட்சுமிக்கும் உங்கள் மகன் மணிகண்டபிரபுவுக்கும் பத்திரிகை படிக்கும்போது, நான் என் கையால் கடைந்த பேனாவில் கையெழுத்துப் போட வேண்டும், அதே ஜோடியில் இன்னொரு பேனாவில் நீங்கள் போட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நாற்பது வருடம் ஸ்ரீபெரும்புதூர் கடைசல் பட்டறையில் கட்டில் காலும் தொட்டில் கட்டையும் கடைந்தவனுக்குப் பேனா ஒரு பெரிய காரியமா என்று நினைத்துவிட்டேன். நீங்களும் உடனே போனில், "சம்மந்தி, எங்கய்யா ஓட்டுன வண்டி நொகத்தடி ஒண்ணு மச்சுல கெடக்கு. மஞ்சணத்தி மரம். அம்பது வருசம் மாடு இழுத்தும் ஒரு கீறல் விழுகல, பாத்துக்கிடுங்க" என்று சொல்லி, ஒரு துண்டு அறுத்து மாப்பிள்ளையிடம் கொடுத்து அனுப்பினீர்கள். அந்தக் கீறல் விழாத கட்டையைப் பற்றித்தான் இப்போது எழுத வேண்டியிருக்கிறது. நான் உங்கள் கட்டையைக் குறை சொல்லவில்லை.

மஹாலட்சுமி ஆறு பேனாவுக்கு வேண்டிய சாமான்களை ஆன்லைனில் வரவழைத்துக் கொடுத்தாள். ஒரு பேனாவுக்கு இரண்டு பாகம். கீழ்ப் பாகத்தை எங்கள் பழைய வாசல் நிலையின் வேப்பங்கட்டையில் செய்தேன். கிளிப் வரும் மேல் பாகம் உங்கள் மஞ்சணத்தி. மாப்பிள்ளை வீடு மேலேதான் இருக்க வேண்டும் என்று என் மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். கட்டையில் துளை போட்டு, உள்ளே பித்தளைக் குழாயைப் பசை தடவிச் செருகி, காய்ந்த பிறகு வழிந்த பசையை வட்ட அரத்தால் உள்ளே சுத்தமாகச் சுரண்டி, கடைந்து, மெருகேற்றி, சாயங்காலம் சாமி அலமாரியில் வைத்துவிடுவேன். மறுநாள் குளித்துவிட்டு வந்து, முனையையும் திருகையும் கிளிப்பையும் வைஸ் இடுக்கியில் வைத்து மெதுவாக அழுத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை. முதல் பேனாவில் கீழ்ப் பாகம் சமர்த்தாக உட்கார்ந்தது. மேல் பாகத்தை அழுத்தினேன், டிக் என்று ஒரு சத்தம், மேலிருந்து கீழ் வரை விரிசல். கட்டையில் ஈரம் இருக்கும் என்று நினைத்து மற்ற கட்டைகளை எல்லாம் மூன்று நாள் அரிசி டிரம்மில் புதைத்து வைத்தேன். இரண்டாவதிலும் டிக். அதிலும் உங்கள் பாகம்தான். கட்டையின் நுனி வெட்டு சரியாக இல்லையோ என்று தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். என் பாகம் கல் மாதிரி இருந்தது. எனக்கே கூச்சமாகிவிட்டது.

மூன்றாவது மட்டும் வெடிக்கவில்லை! அன்று செவ்வாய்க்கிழமை. என் மனைவி உமாதேவியைப் பார்க்க முதல் நாளே செம்பரம்பாக்கம் போயிருந்தாள். நல்ல நேரம் பார்த்துச் சொல்ல ஆள் இல்லாததால் மதியம் மூன்றரைக்கு, சரியான ராகு காலத்தில் அழுத்திவிட்டேன். வெண்ணெய் மாதிரி உள்ளே போனது. ஆகவே பேனாவுக்கு ராகு காலம்தான் பொருந்தும் என்று முடிவு செய்து, நாலாவதையும் ராகு காலம் பார்த்தே அழுத்தினேன். டிக்.

ஐந்தாவதற்கு மாப்பிள்ளையே ஷிப்ட் முடிந்து வந்தார். ஒரகடத்தில் அவர் பார்ப்பது குவாலிட்டி வேலை அல்லவா, அளவு பார்க்கும் கருவியைப் பையிலேயே கொண்டுவந்திருந்தார். குழாயின் வெளிப்புறம், திருகு, கிளிப் எல்லாவற்றையும் அளந்து, "அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு மாமா, அழுத்துங்க" என்றார். அழுத்தினேன். டிக். அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. எது பழுதானாலும் ஐந்து தடவை ஏன் என்று கேட்டால் காரணம் தானாக வெளியே வந்துவிடும், எங்கள் லைனில் அப்படித்தான் கண்டுபிடிப்போம் என்று சொல்லி ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டார்.

"ஏன் வெடிச்சிச்சு மாமா?"

"அழுத்துனேன், வெடிச்சிட்ச்சி."

"ஏன் அழுத்துனீங்க?"

"நீங்கதானே அழுத்தச் சொன்னீங்க?"

அதை அவர் நோட்டில் எழுதவில்லை. "சரி, ஏன் உள்ள போவ மாட்டேங்கு?"

"டைட்டா கீது."

"ஏன் டைட்டா இருக்கு?"

"தெரியலயே மாப்ள."

"ஏன் தெரியல?"

ஐந்தும் முடிந்துவிட்டது. எனக்குத் தெரியாததுதான் காரணம் என்று வந்தது. இருவரும் காபி குடித்தோம்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. என் மைத்துனர் பரசுராமன் வந்து, வெடித்த நாலையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். "இன்னா மாமா இது, நாலும் மாப்ள வூட்டு பக்கமே வெடிச்சிகினு கீது? நம்ம வூட்டு கட்டைல ஒரு கோடு கூட இல்ல. எனக்கு இன்னாவோ சரியாப் படல. தேதிய தள்ளி வெச்சிடு" என்றார். அந்த வார்த்தை என் மனதில் முள் மாதிரி நின்றுவிட்டது. மஹாலட்சுமியிடம் சொன்னேன். "பேனா வெடிச்சா கல்யாணம் நிக்குமாப்பா? கடையில பத்து ரூபா பேனா வாங்கி கையெழுத்து போடு" என்றாள். நான் காலண்டரில் ஐப்பசியைப் புரட்டுவதைப் பார்த்து அவள் முகம் மாறிவிட்டது. இரண்டு வருடம் மாப்பிள்ளையோடு ஒரே கம்பெனி பஸ்ஸில் போய்வந்து, எங்கள் எல்லோரையும் சம்மதிக்க வைத்த பெண். "தேதிய தள்ளுனா நான் ஹாஸ்டலுக்குப் போயிடுவேன்" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போனாள். இன்றோடு இரண்டு நாளாக என்னிடம் பேச்சு இல்லை.

எனக்கும் ஒன்றும் புரியவில்லை, சம்பந்தி. ஐம்பது வருடம் மாடு இழுத்து வெடிக்காத கட்டை நான் அழுத்தி வெடிக்கிறது என்றால் என் கையில் கோளாறா, கட்டையில் கோளாறா, காலத்தில் கோளாறா? நான் உங்கள் கட்டையைக் குறை சொல்லவில்லை. ஆனால் என் மகள் வாழ்க்கை அல்லவா? ஆகையால் நிச்சயதார்த்தத்தைத் தள்ளிவைக்கும்படி உங்களை மிகவும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அடுத்தது புரட்டாசி, எங்களில் செய்ய மாட்டோம். ஐப்பசியில் வைத்துக்கொள்ளலாம். அதற்குள் வேறு ஒரு கட்டை அனுப்பினால் நல்லது. முடிந்தால் மாடு கட்டாத கட்டையாக.

சம்பந்தியம்மாளுக்கு எங்கள் வணக்கம். வல்லக்கோட்டை முருகன் உங்கள் வீட்டையும் எங்கள் வீட்டையும் ஒன்றாகவே பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு, பணிவுடன்,
ஏகாம்பரநாதன்
(கைநாட்டு இல்லை, கையெழுத்து)

பின்குறிப்பு: ஆவணி 1. மேலே எழுதியது எல்லாம் ரத்து. கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன், ஐந்து நாள் எழுதியது, மனம் வரவில்லை. நடந்ததைக் கேளுங்கள். கடிதத்தை உறையில் போடப் போனேன். சம்பந்தி வீட்டுக்குப் போகும் காகிதம் வெறுமனே போகக் கூடாது என்று என் மனைவி மஞ்சளைக் குழைத்து எடுத்து வந்து, நாலு மூலையிலும் தடவினாள். விரலில் மிச்சம் இருந்த மஞ்சளோடு, சாமி அலமாரியில் வைத்திருந்த ஆறாவது பேனாவின் மேல் பாகத்தை எடுத்து, குழாய்க்குள் விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"இன்னா பண்ற நீ?" என்றேன்.

"தெனமும் பண்றதுதான். மாப்ள வூட்டு கட்டையாச்சே. வெறுமனே வுட்டா மரியாதையா இருக்குமா?"

"அப்ப நம்ம கட்டைக்கு?"

"நம்ம கட்டைக்கு இன்னாத்துக்கு மரியாதை?"

குழாயும் பித்தளை மஞ்சள், தடவியதும் மஞ்சள். நான் கண்ணாடி போடுவது எழுதுவதற்கு மட்டும். ராத்திரி முழுக்கக் காய்ந்து இறுகிய மஞ்சள், கிளிப் போக வேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டிருந்தால் கட்டை வெடிக்காமல் என்ன செய்யும்? அவள் செம்பரம்பாக்கம் போன அன்று மட்டும் வெடிக்காததற்கும் இதுதான் காரணம். ராகு பாவம். குழாயை வட்ட அரத்தால் சுரண்டித் துடைத்து அழுத்தினேன். சத்தமே இல்லாமல் உட்கார்ந்தது. இப்போது இரண்டு பேனா தயார், உங்களுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. மஹாலட்சுமி சிரித்துவிட்டாள், பரசுராமனோடு பேசுவதில்லை என்று முடிவும் செய்துவிட்டாள். மாப்பிள்ளை, ஐந்து "ஏன்" போதாது, ஆறாவதும் கேட்கலாம் என்று கம்பெனியில் சொல்லப் போகிறாராம்.

ஆவணி பன்னிரண்டு காலை எல்லோரும் அவசியம் வந்துவிடவும். உங்கள் கட்டையில் எந்தக் குறையும் இல்லை. மரியாதை கூடிப்போனதுதான் குறை. இனி உங்கள் வீட்டுக் கட்டைக்கு நாங்கள் எந்த மரியாதையும் செய்வதாக இல்லை. தவறாக நினைக்க வேண்டாம்.