என் பெயரில் நானே எழுதிய பிரிவுப் பத்திரம்

எட்டு மாதக் குடித்தன அனுபவத்தை வைத்துக்கொண்டு வேறொரு குடும்பத்தைச் சட்டப்படி பிரிக்க உட்கார்ந்தவன் நான். அதற்குத் தகுந்த தண்டனை கிடைத்தது. எனக்கு அதில் புகார் இல்லை. (என் மனைவி கோமதிக்கு உண்டு. இன்னும் உண்டு.)

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாகியிருந்த சமயம். திருவனந்தபுரம் வஞ்சியூரில் ஒரு பெரிய வக்கீலிடம் ஜூனியராக இருந்தேன். ஜூனியர் என்றால் கேஸ் கட்டு தூக்குவது, வாய்தா வாங்குவது, சீனியர் ஏதாவது சொன்னால் முதல் ஆளாகச் சிரிப்பது. ஒரு சனிக்கிழமை அவர் என்னைக் கூப்பிட்டார். சாலைக் கடைவீதியில் வியாபாரம் செய்யும் ஒருவரும் அவர் மனைவியும் இனிச் சேர்ந்து வாழ்வதில்லை என்று முடிவுசெய்திருந்தார்கள். எங்கள் சமூகத்தாருக்கு அப்போது சட்டப்படி விவாகரத்து கிடையாது. பிரிந்து வாழ்வதாக எழுதிக்கொள்ளலாம், அவ்வளவுதான். அவர்களுக்கு ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை.

“ஓய், திங்கக்கிழமை பத்து மணிக்கு ரெண்டு பேரும் வருவாங்க. நாளைக்குக் கோர்ட்டுல போனாலும் நிக்கிற மாதிரி ஒரு பத்திரம் எழுதிக்கொண்டு வாரும். ஆளு பேரு மட்டும் இந்தப் படி தாண்டப்படாது, கேட்டோ?”

கேட்டேன். கேட்டதுதான் வினை.

ஞாயிறு காலை கரமனை வீட்டில் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன், எழுந்தேன், கிணறு வரை நடந்தேன், திரும்பி வந்து உட்கார்ந்தேன். ‘இன்னார், இன்னாருடைய மனைவி’ என்று எழுதினால் கையே ஓடவில்லை. கட்சிக்காரர் பெயரையோ எழுதக் கூடாது. அப்போதுதான் அந்த அபாரமான யோசனை உதித்தது. கணவன் இருக்கிற இடத்தில் என் பெயர், மனைவி இருக்கிற இடத்தில் கோமதி. பேனா பறந்தது. ‘நாம் இருவரும் மனமொத்துப் பிரிந்து... மனைவி தகுந்த இடத்தில் வசித்துவர... நமது ஆறு வயதுப் பெண்ணை உரியவாறு பராமரித்துவர...’ என்னை நானே மெச்சிக்கொண்டு, மைக்கூட்டின் அடியில் காகிதத்தை வைத்துவிட்டுக் காய்கறி வாங்கப் புறப்பட்டேன். அன்றைக்குத் திருநெல்வேலியிலிருந்து மாமனார் வருவதாக இருந்தது.

மாமனார் பத்திரப் பதிவு ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர். எழுதிய காகிதம் எதைக் கண்டாலும் கடைசி வரி வரை படிக்காமல் விடமாட்டார்.

நான் கத்தரிக்காயோடு திரும்பியபோது கோமதியின் டிரங்குப் பெட்டி வாசலில் இருந்தது. மாமனார் காகிதத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருந்தார்.

“மாப்ள, எம்மவ என்ன தப்பு செஞ்சா?”

“ஐயோ மாமா, அது வேற ஒருத்தரோடது!”

“வேற ஒருத்தருக்கு எதுக்கு உங்க பேரு, எம்மவ பேரு?”

“அவங்க பேரை வெளிய சொல்லக் கூடாது.”

“சரி, அது கெடக்கட்டும். கல்யாணமாகி எட்டு மாசம். இந்த ஆறு வயசுப் பிள்ளை யாருதுங்கேன்?”

“அதையும் சொல்லக் கூடாது மாமா” என்றேன். அந்தப் பதில் போதாதா? கோமதி அழுவாள் என்று நினைத்தேன். அவள் காகிதத்தை வாங்கி என் முன்னால் வைத்தாள்.

“பிரியணும்னா பிரியுவோம். ஆனா இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன். ‘தகுந்த இடம்’னா எது? வீடா, மாட்டுத் தொழுவமா? அதை யாரு முடிவு பண்ணுவா?”

“கோமதி, நான் சொல்றதை...”

“பிள்ளை யாருகிட்ட இருக்கும்? மத்தவரு எப்ப வந்து பாக்கலாம்? ராத்திரி காய்ச்சல் அடிச்சா யாரு தூக்கிட்டு ஓடுவா? எங்க அம்மா போட்ட நகையும் பாத்திரமும் எங்க எழுதியிருக்கு? நாளைக்கு மனசு மாறிச் சேர்ந்துட்டா இந்தக் கடுதாசி என்ன ஆகும்? உங்களுக்கும் எனக்கும் நீங்க ஒருத்தரே வக்கீலா? எனக்குன்னு ஒருத்தர் கேக்க வேண்டாமா?”

ஒவ்வொன்றும் சுத்தியல் அடி. நான் எழுதியதில் இவற்றில் ஒன்றுக்குக்கூடப் பதில் இல்லை. என் கை தானாகவே பேனாவை எடுத்தது. “கொஞ்சம் மெதுவா. காய்ச்சலுக்கு அப்புறம் என்ன சொன்னே?” என்று கேட்டேன்.

“எழுதுதாரு பாரு! இப்பவும் எழுதுதாரு!” என்று மாமனார் தலையில் அடித்துக்கொண்டார்.

அன்று இரவு வரை பெட்டி வாசலிலேயே இருந்தது. நான் கூடத்துக்கும் கிணற்றுக்குமாக நடந்து, கோமதி கேட்டதையெல்லாம் சேர்த்துப் பத்திரத்தைப் புதிதாக எழுதினேன். திங்கள் காலை நான் ஆபீஸுக்குப் புறப்பட, பின்னாலேயே மாமனாரும் கோமதியும், பெட்டியோடு. என் சீனியரிடம் நியாயம் கேட்டுவிட்டு அப்படியே தம்பானூரில் பஸ் ஏறுவதாகத் திட்டம்.

பத்து மணிக்குக் கட்சிக்காரர்கள் வந்தார்கள். அப்பாவின் விரலை ஒரு கையிலும் அம்மாவின் விரலை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு நடுவில் அந்தச் சிறுமி. மாமனார் குனிந்தார்.

“உனக்கு எத்தனை வயசு தாயி?”

“ஆறு.”

“மாப்ள!” என்று அவர் போட்ட சத்தத்தில் உள்ளே சீனியரின் மூக்குக்கண்ணாடி நழுவியது.

வியாபாரி திகைத்துவிட்டார். “என் பிள்ளை வயசு கேட்டிட்டு இந்த ஆளு எதுக்குக் கிடந்து அலறுது?”

“உங்க பிள்ளையா? நிச்சயமா?”

நான் அந்த இடத்திலேயே பூமி பிளக்க வேண்டிக்கொண்டேன். வஞ்சியூர் மண் கெட்டி. பிளக்கவில்லை. சீனியர் வெளியே வந்து, விஷயம் புரிந்து, என்னைப் பார்த்த பார்வையில் என் வக்கீல் சன்னது பாதி எரிந்துவிட்டது. மீதிப் பாதியைக் காப்பாற்றியது வியாபாரியின் மனைவி. பத்திரத்தைக் கடைசி வரை வாசிக்கக் கேட்டுவிட்டு, “சாரே, இது ஆரு எழுதினது? இந்த இளைய சார் எழுதினதில்லை. காய்ச்சல் வந்தா ஆரு தூக்குவாங்கன்னு இவருக்கு எப்படித் தெரியும்?” என்றார்.

நான் கோமதியைக் காட்டினேன். கோமதி அந்தச் சிறுமியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியின் மேலிருந்து அவள் கை மெதுவாக இறங்கியது.

அந்த அம்மாளுக்கென்று தனி வக்கீல் வந்தார், நாலைந்து இடத்தில் திருத்தினார், இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள் மறுபடி சேரவில்லை. ஆனால் எதற்காகவும் கோர்ட் படி ஏறவும் இல்லை. பிறகு நான் எழுதிய எந்தப் பத்திரமும் கோமதி படிக்காமல் வீட்டை விட்டுப் போனதில்லை. (ரகசியமா? சீனியரே, “உம்ம வீட்டம்மா பாத்தாச்சா?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.)

மாமனாருக்கு மட்டும் என்மேல் சந்தேகம் முழுதாகத் தீரவில்லை. அடுத்த வருஷம் எங்களுக்குப் பெண் பிறந்தது. தொட்டிலை எட்டிப் பார்த்தவர், “இது ரெண்டாவதுல்லா?” என்றார். எங்கள் மகளுக்கு இன்று பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டில் இன்னும் அவள் பெயர் ‘ரெண்டாவது’தான். மூத்தது எங்கே என்று கேட்கும் புது மருமக்களுக்கு இந்தக் கதையைச் சொல்வது கோமதியின் பொறுப்பு. சொல்லும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது அவள் நிபந்தனை.