இடது பக்கம் தெரியாத ஜீப்

ஜீப் வாங்க வேண்டும் என்ற எண்ணம் வந்தபோது நான் கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஓர் ஏரிக்கரைச் சேற்றில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டிருந்தேன். சொட்டுநீர்க் குழாய் போடும் கம்பெனியில் எனக்கு வேலை. நிலத்தை அளந்து, குழாய் எங்கே ஓட வேண்டும் என்று வரைந்து கொடுக்க வேண்டும். நிலங்கள் தார் ரோட்டோரமாக வந்து நின்றுகொள்வதில்லை என்பதுதான் அந்த வேலையில் உள்ள கஷ்டம். அப்போது பின்னாலிருந்து ஒரு பழைய ஜீப் வந்தது. அதே சேறு, அதே மேடு. வேகத்தைக்கூடக் குறைக்காமல் உறுமிக்கொண்டு ஏறிப் போய்விட்டது. பின்னால் ஏழெட்டு ஆடுகள். எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தன. அதில் ஒன்று, மென்றுகொண்டிருந்ததை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

அந்த ஆட்டின் பார்வையை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

முடிவு செய்துவிட்டேன். வாரத்தில் ஆறு நாள் வேலைக்கு, ஏழாவது நாள் கல்லாங்குத்து, காட்டாறு என்று சுற்றுவதற்கு, இரண்டுக்கும் ஒரே வண்டி. புதுசு வாங்க வழியில்லை, பழசு போதும். பழைய ஜீப் வாங்குவது எப்படி என்று இணையத்தில் பேசுகிறவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அத்தனை பேர் பேச்சையும் கேட்டு, நாற்பத்திரண்டு கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் தயாரித்தேன். சேஸிஸில் துரு இருக்கிறதா? சக்கரத்துக்கு மேலே இருக்கிற ஸ்பிரிங் பட்டை விரிசல் விட்டிருக்கிறதா? புகை கறுப்பா, வெள்ளையா, நீலமா? நான் மெக்கானிக்கல் இன்ஜினியர் (சான்றிதழ் இருக்கிறது, சந்தேகம் என்றால் காட்டுகிறேன்). என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்ற தெம்பு அந்தப் பட்டியலைவிட நீளமாக இருந்தது.

அடி அண்ணாமலையில் மாணிக்கம் என்று ஒருவரிடம் ஜீப் விலைக்கு வந்திருப்பதாகத் தெரிந்தது. கிரிவலப் பாதையில் இருக்கிற கடைகளுக்குத் தண்ணீர் கேனும் இளநீரும் போடுகிறவர். வண்டியைப் பார்த்ததும் ஒரு முறை சுற்றி வந்தேன். பச்சை நிறம். மேலே தார்ப்பாய். டயர் ஒவ்வொன்றும் என் இடுப்பு உயரம் (சரி, தொடை உயரம்). ஒன்றரை மணி நேரம் அடியில் படுத்துப் பார்த்து, பட்டியலில் ஒவ்வொன்றாக டிக் அடித்தேன். மாணிக்கம் அண்ணன் பீடியைக் கையில் வைத்துக்கொண்டு, பற்றவைக்க மறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி இன்னா, போலீஸ்ல இருக்கீங்களா?"

"இல்லண்ணா. ஓட்டிப் பாக்கலாமா?"

"அதுக்கின்னா, வாங்க. மலைய ஒரு சுத்து சுத்திட்டு வந்துடலாம். சாமி கும்புட்ட மாதிரியும் ஆச்சு, வண்டி பாத்த மாதிரியும் ஆச்சு."

எங்கள் ஊரில் புது வண்டியோ பழைய வண்டியோ, வாங்கினால் மலையைச் சுற்றித்தான் ஆக வேண்டும். வாங்குவதற்கு முன்பே சுற்றச் சொல்கிறாரே, எவ்வளவு நல்ல மனிதர் என்று உருகிவிட்டேன். பதினான்கு கிலோமீட்டர். வண்டி யானை மாதிரி போனது. ஒவ்வொரு வளைவிலும் ஸ்டியரிங் வாழைப்பழமாகத் திரும்பியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது (தார்ப்பாயில் ஓட்டை இருந்தது, காற்று அடித்தது, ஆனாலும் வந்தது).

மலையை வலமாகத்தான் சுற்ற வேண்டும் என்பது இந்த ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். மலை எப்போதும் வலது கைப் பக்கம். அப்படியென்றால் வண்டி எந்தப் பக்கம் மட்டும் திரும்பும் என்று ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. என்னுடைய நாற்பத்திரண்டு கேள்விகளில் 'இடது பக்கம் திரும்புமா?' என்ற கேள்வி கிடையாது.

சனிக்கிழமை வண்டியை எடுத்தேன். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் நசுக்கி, முறைப்படி இன்னொரு முறை வலம் வந்து, செங்கம் ரோட்டில் ஆசிரமம் தாண்டி எங்கள் சந்துக்குள் நுழைந்தேன். சந்து மலைப் பக்கம் இருக்கிறது. அதாவது வலது. சந்துக் கடைசியில் காலி மனையில் வண்டியைத் திருப்பி நிறுத்தினேன். அதுவும் வலதுதான்.

ஜெராக்ஸ் கடையைப் பூட்டிவிட்டு வந்த அப்பா ஜீப்பை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஹாரன் அடிக்குதா?"

"சூப்பரா அடிக்குதுப்பா."

"அப்ப சரி. எல்லாரும் ஒதுங்கிப்பாங்க."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வாணி அக்காவுக்குப் பரீட்சை. அரசு வேலைக்கான தேர்வு, மூன்றாவது முறை. முதல் முறை நாலரை மார்க்கில் போனது, இரண்டாம் முறை ஒன்றரை மார்க்கில். இதற்காகத் தனியார் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு இரண்டு வருஷமாகப் படித்துக்கொண்டிருந்தாள். இந்த முறையும் கிடைக்கவில்லையென்றால் திரும்பப் போய் அதே பள்ளிக்கூடத்தில் அதே கரஸ்பாண்டன்ட்டிடம் கைகட்டி நிற்க வேண்டும். அதைவிட எதுவும் அவளுக்குப் பயம் கிடையாது. கீழ்பென்னாத்தூரில் சென்டர். ஒன்பது மணிக்கு கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அதற்குமேல் கலெக்டர் மகளாக இருந்தாலும் உள்ளே விடமாட்டார்கள்.

"நான் பஸ்லயே போயிடறேன்டா," என்றாள்.

"ஜீப் இருக்கும்போது பஸ்ல தொங்கிக்கினு போவியா? ராணி மாதிரி எறக்கி விடறேன்க்கா."

ஏழரைக்குக் கிளம்பினோம் (நான் நேரத்தைத்தான் சொன்னேன்).

சந்து வாயில் செங்கம் ரோடு. ஊருக்குள் போக இடது பக்கம் திரும்ப வேண்டும். ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தேன். கொஞ்சம் வந்து 'டக்' என்று நின்றது. பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். டக். எழுந்து நின்று இழுத்தேன். டக். அதற்குள் ஜீப் பாதி ரோட்டில் நீட்டிக்கொண்டு, எதிரே இருந்த ஜூஸ் கடையைப் பார்த்து நின்றது. ஒரு பக்கம் பஸ், ஒரு பக்கம் வேன், பின்னால் பால்காரர். பின்னுக்கும் போக முடியவில்லை. பஸ் கண்டக்டர் தலையை வெளியே நீட்டினார்.

"யோவ் ஜீப்பு! ஊருக்குப் போறியா, ஜூஸ் குடிக்கப் போறியா?"

"இன்னாடா ஆச்சு?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்லக்கா. காட்டுல ஓட்டுற வண்டின்னா ஸ்டியரிங் கொஞ்சம் டைட்டாத்தான் இருக்கும்."

ஹாரன் சத்தம் நாலா பக்கமும். பதற்றத்தில் வலது பக்கம் ஒடித்தேன். அலுங்காமல் குலுங்காமல் திரும்பி, ஜீப் சந்தோஷமாகப் புறப்பட்டுவிட்டது.

"டேய் பிரபா, கீழ்பென்னாத்தூர் அந்தப் பக்கம்."

"தெரியும்க்கா. சுத்திக்கினு போயிடலாம்."

"எத சுத்திக்கினு?"

"மலைய."

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு என் பக்கத்து ஜன்னல் வழியாக அருணாசலத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். என்னிடம் பேசிப் பயனில்லை என்று நேராக மேலிடத்திலேயே பேசிவிட்டாள் போலிருக்கிறது.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. நேற்று வாழைப்பழமாகத் திரும்பிய வண்டி. எனக்குத்தான் கையில் பலம் கம்மியோ? ஏதாவது கம்பியை மாற்றிப் போட்டுவிட்டேனோ? கியர் பக்கத்தில் இன்னொரு சின்னக் கம்பி இருந்தது, நாலு சக்கரமும் இழுப்பதற்கு. அதைப் போட்டால் இடது பக்கம் வருமோ என்று போட்டுப் பார்த்தேன். வண்டி இரண்டு மடங்கு சத்தமும் பாதி வேகமும் கொடுத்தது. அக்கா தன் கையாலேயே அந்தக் கம்பியைப் பழைய இடத்துக்குத் தள்ளினாள்.

அடி அண்ணாமலையில் மாணிக்கம் அண்ணன் வீட்டு வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். "நிறுத்து. கேளு," என்றாள் அக்கா.

"அண்ணா, வண்டி லெஃப்ட்ல திரும்ப மாட்டேங்குது!"

அவர் வாயிலிருந்த நுரையைத் துப்பிவிட்டு, நிஜமான குழப்பத்தோடு கேட்டார். "லெஃப்ட்டா? லெஃப்ட்ல இன்னாத்துக்குப் போறீங்க?"

"ஊருக்குப் போக வேணாமாண்ணா?"

"அது வந்து தம்பி, ஜாஸ்தி உயரமா டயர் போட்டதுல இடது பக்கம் ஒடிச்சா டயரு பட்டையில உரசுச்சு. டயர் போயிடும்னு ஒரு இரும்புத் துண்டு வச்சு வெல்டிங் அடிச்சிட்டேன். ஆறு வருஷம் ஆச்சு. வீட்ல எடுப்பேன், கேன் போட்டுக்கினே மலைய சுத்துவேன், வீட்ல வந்து நிறுத்துவேன். நமக்குத் தேவைப்படலயே."

"இத வாங்கும்போது சொல்லக் கூடாதாண்ணா?"

"அம்மாங் கேள்வி கேட்டீங்க. இத கேக்கலயே நீங்க."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. ஆறு வருஷம் சாமியைச் சுற்றியே பிழைத்த மனிதர்; உலகத்தில் இடது என்று ஒரு பக்கம் இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

"வேற வண்டி ஏதாச்சும் இருக்காண்ணா?" அக்கா ஜீப்பிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டாள். "எனக்கு ஒன்பது மணிக்குப் பரீட்சை."

"இத வித்துத்தான்மா அடுத்தது வாங்கணும். தோ, இப்படியே நேரா போங்க. மெயின் ரோட்டைப் புடிச்சிடலாம்."

புறப்பட்டோம். அக்கா அழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சுட்டுவிரலால் காற்றில் ஏதோ வரைந்தாள். பயமாக இருந்தது.

"இன்னாக்கா பண்ற?"

"மூணு வலது சேந்தா ஒரு இடது. கணக்குல வரும். நான் சொல்ற எடத்துல திருப்பு. வாயத் தொறக்காத."

கிரிவலப் பாதை ஊருக்குள் வந்து சேரும் இடத்தில் கீழ்பென்னாத்தூருக்கு இடது பக்கம் போக வேண்டும். அந்த இடத்தைத் தாண்டினோம். "வலது." காய்கறி வண்டிகள் நடுவே நுழைந்தோம். "வலது." ஒரு கல்யாண மண்டபத்தின் வாழைமரம் தார்ப்பாயைத் தடவியது. "வலது." புறப்பட்ட இடத்தையே குறுக்காகக் கடந்து சரியான ரோட்டில் வந்து விழுந்தோம். ஓரத்தில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் எங்களை இரண்டாம் முறை பார்த்ததும் கையை அந்தரத்திலேயே நிறுத்திவிட்டார்.

யூ டர்ன் என்று ஒன்று இருக்கிறதே, சந்து வாசலிலேயே வலது பக்கம் போய் அப்படியே அடித்துத் திரும்பியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அப்பாவும் கேட்டார். அன்று சாயங்காலம்.

கீழ்பென்னாத்தூர் வந்தபோது ஒன்பதாக மூன்று நிமிஷம். பள்ளிக்கூடம் மெயின் ரோட்டிலிருந்து ஒரு தெருவுக்குள் இருந்தது. தெரு எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

"அக்கா, மூணு வலது..."

"நிறுத்துடா!"

வண்டி முழுசாக நிற்பதற்குள் குதித்து, புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். அவள் பாதி தெரு போன பிறகுதான் சீட்டைப் பார்த்தேன். ஹால் டிக்கெட். நான் ஜீப்பை நடு ரோட்டிலேயே விட்டுவிட்டு ஓடினேன். வண்டிதான் திரும்பவில்லை, என் கால்கள் இடது பக்கம் நன்றாகவே திரும்பின. கேட்டுக்கு இந்தப் பக்கம் அக்கா கைப்பையைத் தலைகீழாகக் கொட்டிக்கொண்டிருந்தாள். கேட்டைப் பாதி சாத்திவிட்ட பெண் போலீஸ் இடைவெளியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "இன்னாம்மா, இருக்கா இல்லையா? மணி ஆவுது," என்றார். நான் கத்தினேன். காகிதத்தை நீட்டினேன். அக்கா பிடுங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். பின்னால் கேட் சாத்தும் சத்தம் கேட்டது. அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டேன்.

மதியம் வெளியே வந்தவள் என்னைப் பார்த்தாள். ஜீப்பைப் பார்த்தாள். பஸ் ஏறிவிட்டாள்.

சாயங்காலம் வீட்டில் நான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். அப்பாவின் யூ டர்ன் விசாரணை முடிந்திருந்தது. பரீட்சை எப்படி என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. அவளே ஆரம்பித்தாள்.

"ஒரு கேள்வி வந்துச்சுப்பா. ஒருவர் வடக்கு நோக்கிச் செல்கிறார். மூன்று முறை வலப்புறம் திரும்புகிறார். இப்போது அவர் எத்திசை நோக்கிச் செல்கிறார்?"

"பதில் போட்டியா?"

"படிச்சு முடிக்கிறதுக்குள்ள போட்டுட்டேன். மேற்கு. பக்கத்துல இருந்த பொண்ணு பேப்பரை சுத்திச் சுத்திப் பாத்துக்கினு இருந்தா. நான் காலையிலயே போயிட்டு வந்துட்டேனே."

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்தவே முடியவில்லை. கடைசியில் அது அழுகையா சிரிப்பா என்று எங்களுக்கே தெரியவில்லை. அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஒன்றரை மார்க் வித்தியாசத்தில் அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. அந்த ஒரு கேள்விதான் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். இரண்டு வருஷம் படித்ததுதான் என்று அவள் சொல்கிறாள். எப்படியோ, எங்கள் வீட்டு அகராதியில் 'மேற்கு' என்ற வார்த்தைக்கு 'சுற்றி வளைத்துப் போவது' என்று அர்த்தம் மாறிவிட்டது. நான் எதையாவது புதிதாக ஆரம்பிக்கப் போகிறேன் என்று வாயைத் திறந்தாலே அப்பா பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "மேற்கா?" என்பார். பெண் பார்க்கப் போன இடத்தில்கூடக் கேட்டார்.

வெல்டிங்கை அறுத்து எடுத்து, டயரைச் சின்னதாக்கிவிட்டேன். ஜீப் இப்போது இரண்டு பக்கமும் திரும்புகிறது. தினமும் அதில்தான் வேலைக்குப் போகிறேன். இன்னும் கரடுமுரடான பாதை எதிலும் ஏற்றிப் பார்க்கவில்லை; பயம். போன வாரம் அக்காவே வந்து சாவியைக் கேட்டாள். லைசென்ஸ் எடுத்துவிட்டாளாம். ஞாயிற்றுக்கிழமை ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு மண் பாதையில் ஏறிப் பார்க்க வேண்டுமாம். ஓட்டுவது அவள். நான் பக்கத்தில் உட்கார வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது.

அப்பாவிடம் சொன்னேன். அவர் தலையை நிமிர்த்தவில்லை.

"மேற்கா?"

"ஆமாம்ப்பா. இந்தத் தடவ நெஜமாவே மேற்குதான்."