லீக் பெயரா, வினையா?

குடியிருப்பு அலுவலகத்துக்குப் புதிதாக வந்த இயக்குநர் முதல் நாளே ஒரு சுற்றறிக்கை விட்டார். "ஆங்கிலச் சொற்கள் தமிழுக்குள் வந்ததும் ஒழுங்கு கெட்டுத் திரிகின்றன. பெயராக வந்தது 'பண்ணு' சேர்ந்து வினையாகிறது; 'ஆன' சேர்ந்து அடைமொழியாகிறது. இனி விண்ணப்பங்களில் ஒரு சொல்லுக்கு ஒரு பதவிதான்." பதவி வழங்கத் தனிப் பிரிவே திறந்து, நாற்காலி நான்கு போட்டார்கள்.

அந்த வாரம்தான் குடியிருப்பின் இரண்டாம் மாடியில், தையல்காரம்மா வீட்டுக் கூரையோரக் குழாய் ஒழுக ஆரம்பித்தது. சொட்டு நேராகத் தையல் மெஷின் மேல். அறுபது பள்ளிச் சீருடை பாக்கி. குடை பிடித்துக்கொண்டு தைத்துப் பார்த்தார். துணியைப் பிடிக்கக் கை இல்லை. மனு எழுதினார்: "பைப்பில் லீக். நாலு நாளாக லீக் ஆகிறது. லீக்கான பைப்பை மாற்றித் தரவும்."

எழுத்தர் படித்துவிட்டு உச்சுக்கொட்டினார்.

"என்னம்மா, ஒரே சொல்லை மூணு வேலைக்கு வச்சிருக்கீங்க?"

"இங்க மூணு பேர் சேர்ந்து ஒரு வேலைதானே சார் பார்க்கறீங்க? சரியாப் போச்சு."

எழுத்தர் சிரிக்கவில்லை, அதற்கு அவருக்கு அதிகாரம் இல்லை. "பெயர்னு எழுதிக்கறேன். பெயர்னா பொருள். பொருள்னா கிடங்கு. கீழ போங்க."

"பொருளைக் கொண்டாங்க" என்றார் கிடங்குக்காரர். தையல்காரம்மா வீட்டுக்குப் போய் ஒரு வாளி நிறையப் பிடித்து வந்தார். ரசீது கிடைத்தது: 'லீக் ஒன்று, வாளியுடன், நல்ல நிலையில்.'

"குழாய் எப்ப சார் மாத்துவீங்க?"

"லீக்கைத்தான் ஒப்படைச்சாச்சே. இனி உங்க வீட்ல லீக் இல்ல."

"இன்னும் ஒழுகுதே!"

"ஒழுகுதுன்னா வினை. மாடிக்குப் போங்க."

மாடியில் மேற்பார்வையாளர் பேனாவைத் திறந்தார். "லீக் ஆச்சா, ஆகுதா, ஆகுமா?"

"மூணும்தான்."

காலத்துக்கு ஒன்றாக மூன்று படிவம் எழுதி வாங்கி அலமாரியில் வைத்தார். "பெண்டிங்ல இருக்கும். போயிட்டு வாங்க."

தையல்காரம்மா நகரவில்லை. "பெண்டிங் பெயரா சார், வினையா?"

"பெண்டிங்ல வச்சோம்னா பெயர். பெண்டிங் போட்டோம்னா வினை. பெண்டிங் ஃபைல்னா..." சொல்லச் சொல்ல அவருக்கு வியர்த்துவிட்டது.

நான்கு நாற்காலிகளும் கூடிப் பேசின. முடிவு வரவில்லை. பதவி இல்லாத சொல்லைப் பயன்படுத்த முடியாது; எனவே எந்தக் கோப்பையும் பெண்டிங்கில் வைக்க வழியில்லை. ஊழியர்கள் மனமுடைந்து எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாள் காலையிலேயே ஆள் வந்து குழாயை மாற்றிவிட்டுப் போனார்.

குடியிருப்பே கலங்கிப்போயிற்று.

"ஒரே நாள்லயா? அசல் கையெழுத்துதானா?" என்றார் எதிர்வீட்டு அக்கா. "எனக்கும் நேத்து சான்றிதழ் வந்துச்சு. தொடவே பயமா இருக்கு."

தையல்காரம்மா ஸ்டூல் போட்டு ஏறிக் குழாயைத் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. அதுதான் சந்தேகத்தைக் கிளப்பியது. ஒரு மாதமாவது அலையவிடாமல் செய்து தருகிறார்கள் என்றால், உள்ளே என்னவோ இருக்கிறது.

வார முடிவில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் மனுக் கொடுத்தார்கள்: 'எங்கள் வேலைகள் சந்தேகப்படும்படி சீக்கிரம் முடிந்துவிட்டன. விசாரிக்கவும்.' முதல் கையெழுத்து தையல்காரம்மாவுடையது.

இயக்குநர் நெகிழ்ந்துபோனார். மக்கள் விருப்பத்தை மதித்து, பெண்டிங்குக்கு மட்டும் எல்லாப் பதவிகளையும் சேர்த்தே வழங்கினார். எழுத்தர் மனுவை வாங்கி அலமாரியில் வைத்தார்.

"பெண்டிங்ல இருக்கும்மா. அடுத்த மாசம் வந்து பாருங்க."

"அப்பாடா" என்று நானூற்றுப் பன்னிரண்டு பேரும் நிம்மதியாக வீடு திரும்பினார்கள்.